சமையலறையில் அந்துப்பூச்சி: விஷம் வேண்டாம், விழிப்பு போதும்

ரமளான் நெருங்க நெருங்க நம் வீடுகளில் மளிகைச் சாமான்கள் சேரத் தொடங்கிவிடும். கஞ்சிக்குப் பச்சரிசி, வடைக்கும் பஜ்ஜிக்கும் கடலைமாவு, ரவை, சேமியா, முந்திரி, திராட்சை என்று பட்டியல் நீளும். வளைகுடாவிலிருந்து ஊர் வருபவர்கள் பேரீச்சம்பழமும் பாதாமும் கொண்டு வருவார்கள். பெருநாள் பிரியாணிக்கென்றே பழைய சீரகச் சம்பாவைத் தேடி வாங்கி வைப்பவர்களும் உண்டு.

இப்படிச் சேர்த்து வைத்த சில வாரங்களில், இரவில் விளக்கைப் போட்டதும் சமையலறைச் சுவரில் சாம்பல் நிறப் பூச்சிகள் படபடப்பதைப் பார்க்கிறோம். டப்பாவைத் திறந்தால் அரிசி நூல் கட்டி ஒட்டிக் கிடக்கிறது. ரவைக்குள் வெள்ளைப் புழு நெளிகிறது. உடனே சிலர் மொத்தத்தையும் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். சிலர் கொசு மருந்தை அலமாரிக்குள் அடிக்கிறார்கள். இன்னும் சிலர் யாரோ சொன்னார்கள் என்று கடையில் மாத்திரை வாங்கி வந்து அரிசி மூட்டைக்குள் போட்டு வைக்கிறார்கள். முதலாவது வீண்விரயம். மற்ற இரண்டும் ஆபத்து. அதிலும் அந்த மாத்திரை குடும்பத்தையே பலிகொள்ளக்கூடியது.

இந்தப் பூச்சி எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் இவை எதுவுமே தேவைப்படாது.

பறப்பது தின்பதில்லை

அந்துப்பூச்சியின் வாழ்க்கை முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு கட்டங்கள் கொண்டது. நம் கண்ணில் படுவது கடைசிக் கட்டம். சுவரில் பறக்கும் அந்தப் பூச்சி தானியத்தைத் தின்பதில்லை. ஒன்றிரண்டு வாரம் உயிரோடு இருந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டுவிட்டு மடிந்துவிடும். நம் உணவைத் தின்று பாழாக்குவது முழுக்க முழுக்கப் புழுதான்.

அரிசி அந்துப்பூச்சியில் ஒரு பெண் பூச்சி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். முட்டைகள் சிறியவை, தானியத்தின் மீதும், சாக்கின் இழைகளிலும், டப்பாவின் விளிம்பிலும் ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சில நாட்களில் பொரித்து வரும் புழு ஏறத்தாழ ஒரு மாதம் தின்று வளரும். பிறகு கூடு கட்டி, அதிலிருந்து பூச்சியாக வெளிவரும். நம்மூர் வெப்பத்தில் இந்தச் சுற்று முழுவதும் ஐந்து முதல் ஏழு வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

ஆகவே இன்று சுவரில் பூச்சி பறக்கிறது என்றால், ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டில் எங்கோ ஒரு பையில் முட்டை இருந்திருக்கிறது என்று பொருள். பறப்பதை அடித்துக் கொல்வதால் அந்தப் பையில் இருக்கும் புழுக்களுக்கு ஒன்றும் ஆகாது. தேட வேண்டியது அந்தப் பையை.

வீட்டுக்கு வரும் நான்கு வகை

அரிசி அந்துப்பூச்சி: தமிழகத்துச் சமையலறைகளில் மிகவும் பரவலானது. மங்கிய சாம்பல் பழுப்பு நிறம். அரிசி, ரவை, சோளம், கம்பு, நிலக்கடலை, எள் என எதையும் விடாது. இதன் புழு பட்டுபோன்ற நூலை விட்டு, தானியங்களைக் கட்டியாக ஒட்டவைத்து, அதற்குள் இருந்து தின்னும். முழு அரிசியைவிடக் குருணையும் தவிடும் கலந்த அரிசியில் வேகமாகப் பெருகும்.

இந்திய மாவுப் பூச்சி: இறக்கையின் முன்பாதி வெளிர் நிறமாகவும் பின்பாதி செம்பு நிறமாகவும் இருப்பதால் எளிதில் அடையாளம் காணலாம். மாவு, முந்திரி, பாதாம், உலர்பழம், சாக்லேட் வரை தின்னும். பெயரில் இந்தியா இருந்தாலும் நம் நாட்டுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் மக்காச்சோள மாவை 'இந்திய மாவு' என்று அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் மாநிலப் பூச்சியியலாளர் ஆசா ஃபிட்ச் அந்த மாவில் கண்ட பூச்சிக்கு வைத்த பெயர் இது.

பாதாம் அந்துப்பூச்சி: முந்திரி, பாதாம், அத்திப்பழம், பேரீச்சம்பழம் ஆகியவற்றை நாடுவது. வளைகுடா நாடுகளின் பேரீச்சங் கிடங்குகளில் முக்கியமான எதிரி இதுதான்.

நெல் அந்துப்பூச்சி: வைக்கோல் நிறம், இறக்கை ஓரங்களில் நீண்ட மயிர். இதன் புழு ஒரே ஒரு நெல்மணிக்குள் புகுந்து, உள்ளே இருப்பதைத் தின்று, உமியை மட்டும் விட்டுவைக்கும். வயலில் கதிர் முற்றும்போதே முட்டையிடத் தொடங்கிவிடும். நெல்லாகச் சேமிப்பவர்களுக்குத்தான் இது பெரிய பிரச்சினை; குவியலின் மேல்பகுதியில், ஏறத்தாழ ஓர் அடி ஆழத்துக்குள்தான் இதன் சேதம் இருக்கும்.

எப்படி உள்ளே வருகிறது?

சுத்தமில்லாத வீட்டில்தான் பூச்சி வரும் என்று நினைத்துச் சங்கடப்படும் சகோதரிகள் உண்டு. உண்மையில் பெரும்பாலும் இது கடையிலிருந்து வாங்கிவரும் பொருளோடு முட்டையாகவே வந்துவிடுகிறது. ஆலையிலோ, மொத்தக் கடையின் கிடங்கிலோ, லாரியிலோ முட்டை ஒட்டியிருக்கலாம். நீண்ட நாள் இருப்பு வைக்கப்படும் பொருள்களில் வாய்ப்பு அதிகம். பிரியாணிக்காகப் பழையதாக்கி விற்கப்படும் அரிசியில் கூடுதல் கவனம் தேவைப்படுவதும் இதனால்தான்.

வீட்டுக்குள் வந்தபின் பரவுவதற்கு நாம் இடம் கொடுக்கிறோம். மெல்லிய பிளாஸ்டிக் பையையும் அட்டைப் பெட்டியையும் புழு துளைத்துவிடும். ரப்பர் வளையம் இல்லாத திருகுமூடி டப்பாவில், புதிதாகப் பொரித்த புழு திருகு வழியாகவே உள்ளே நுழைந்துவிடும். ஈரப்பதம் கூடிய தானியம், டப்பாவின் அடியில் தங்கும் பழைய தூள், அதன் மேலேயே கொட்டப்படும் புதிய அரிசி ஆகியவையும் பூச்சிக்கு வசதி செய்து கொடுக்கின்றன.

கண்டால் செய்ய வேண்டியவை

முதலில் மூலத்தைக் கண்டுபிடியுங்கள். அரிசியில் புழு தெரிந்தால் அரிசியோடு நிறுத்திவிடாமல் அலமாரி முழுவதையும் வெளியே எடுத்து வையுங்கள். மறந்துபோன பைகளில்தான் பெரும்பாலும் இருக்கும்: சென்ற ஆண்டு வாங்கிய சேமியா, குழந்தையின் சத்துமாவு, மீந்துபோன முந்திரி, கோழிக்கோ கிளிக்கோ வாங்கிய தீனி. நூல் கட்டியிருக்கிறதா, பையில் ஊசித்துளை இருக்கிறதா, சிக்கு வாடை வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இரண்டாவது, பிரித்து எடுங்கள். நூல் கட்டி, வாடை அடித்து, புழு நிறைந்த பொருளை வைத்துக்கொள்வதில் பயனில்லை. அதைப் பையில் இறுகக் கட்டி வெளியேற்றுங்கள். வீட்டுக் குப்பைக்கூடையில் திறந்து போட்டால் திரும்பவும் ஏறி வரும். பூஞ்சணம் இல்லாவிட்டால் கோழிக்குப் போடலாம். பூஞ்சணம் பிடித்திருந்தால் கோழிக்கும் வேண்டாம். நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் வளரும் சில பூஞ்சணங்கள் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். புழுவைச் சலித்து எடுத்துவிடலாம். இந்த நஞ்சைச் சலித்து எடுக்க முடியாது.

ஒன்றிரண்டு புழு மட்டும் தெரிகிற பொருளைக் காப்பாற்ற முடியும். முறத்தில் புடைத்து அல்லது சலித்து, கீழே சொல்லும் குளிர் அல்லது சூட்டு முறையில் முட்டைகளையும் அழித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, அலமாரியைச் சுத்தம் செய்யுங்கள். முழு வளர்ச்சி அடைந்த புழு உணவை விட்டு வெளியேறி, கூடு கட்ட இடம் தேடி அலையும். அலமாரியின் மூலை, கீல், பலகைத் துளை, விரித்த செய்தித்தாளின் அடி, சுவரும் கூரையும் சேரும் இடம் ஆகியவற்றில் வெள்ளைக் கூடுகளைக் காணலாம். தாளை எடுத்துவிட்டு, சோப்பு கலந்த வெந்நீரில் துடைத்து, முழுக்கக் காய்ந்தபிறகே பொருள்களை வையுங்கள். இதற்குப் பிறகும் ஓரிரு பூச்சிகள் பறந்தால் மனம் தளர வேண்டாம். ஆறேழு வாரங்கள் கவனித்து வந்தால் சுற்று அறுந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.

குளிரும் சூடும்

வீட்டில் ஃப்ரீசர் இருந்தால் அதைவிட நல்ல பூச்சி மருந்து இல்லை. மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் இருந்தால் முட்டை முதல் பூச்சி வரை எல்லாம் செத்துவிடும். ஒரு வாரம் வைத்தால் இன்னும் உறுதி. ஒன்றிரண்டு கிலோ பைகளாகப் பிரித்து வைத்தால்தான் குளிர் நடுப்பகுதி வரை போய்ச் சேரும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்க வேண்டாம். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் தானியத்தில் படிந்துவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் புழுவின் வளர்ச்சி நிற்கும், ஆனால் சாகும் என்று சொல்ல முடியாது.

ரவை, சேமியா, சத்துமாவுத் தானியங்களை வாங்கியவுடன் வறுத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது முட்டைகளையும் அழித்துவிடும். பருப்பு வகைகளை உச்சி வெயிலில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்தலாம். அரிசியைக் கடும் வெயிலில் வெகுநேரம் போட்டால் விரிசல் விட்டுக் குருணையாகும் என்பதால் இளவெயிலோ நிழலோ போதும். எதை உலர்த்தினாலும் சூடு முழுவதும் ஆறியபின் டப்பாவில் போடுங்கள்.

வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் போடுவது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். இவற்றின் வாடை சில பூச்சிகளை விலக்கி வைக்கும். சுத்தமான தானியத்துக்குத் துணையாகப் போடலாம். ஏற்கெனவே முட்டையும் புழுவும் இருக்கும் பையை இவை சுத்தமாக்கிவிடாது.

பேரீச்சம்பழத்தைப் பிளந்து பாருங்கள்

நோன்பு திறக்கும் அவசரத்தில் பேரீச்சம்பழத்தை அப்படியே வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். புழுவோ அதன் எச்சமோ பெரும்பாலும் கொட்டையை ஒட்டி உள்ளே இருக்கும்; வெளியே பார்த்தால் தெரியாது. பழத்தை விரலால் பிளந்து, கொட்டையை எடுத்துவிட்டு, உள்ளே ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

இதற்கு நபிவழியிலேயே முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்களிடம் பழைய பேரீச்சம்பழங்கள் கொண்டுவரப்பட்டபோது, அவர்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்துப் புழுக்களை அகற்றினார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. பழைய பழம் என்பதற்காக அவர்கள் அதைத் தூக்கி எறியவில்லை. பார்க்காமல் உண்ணவும் இல்லை.

புழு இருந்த உணவை உண்ணலாமா என்ற கேள்வியும் பலருக்கு எழும். உணவிலேயே தோன்றிய புழு அந்த உணவோடு சேர்ந்து உண்ணப்பட்டுவிட்டால் குற்றமில்லை, அதைத் தனியே எடுத்து உண்ணக்கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். தெரியாமல் ஒரு பழத்தோடு போய்விட்டதே என்று வருந்தத் தேவையில்லை. மருத்துவ ரீதியாகவும் ஒரு புழுவால் நோய் வந்துவிடாது. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து கிலோ கணக்கில் பேரீச்சம்பழம் வந்தால் சிறு பைகளாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்து, தேவைக்கு எடுத்துக்கொள்வது நல்லது. சுவையும் கெடாது.

செய்யவே கூடாதவை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை: செல்ஃபாஸ் போன்ற பெயர்களில் அறியப்படுவது. அரசு தானியக் கிடங்குகளில், மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, பயிற்சி பெற்றவர்கள் பயன்படுத்துவது. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் இது பாஸ்பைன் என்ற நச்சு வாயுவாக மாறும். 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை சுமார் 1 கிராம் பாஸ்பைனை வெளியிடும். பத்தடி நீள, அகல, உயரமுள்ள மூடிய அறையில் அந்த ஒரு கிராம் பரவினால், காற்றில் அதன் அளவு பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 25 பங்காக இருக்கும். தொழிலிடங்களில் அனுமதிக்கப்படும் அளவு பத்து லட்சத்துக்கு 0.3 பங்குதான். அதாவது ஒரே ஒரு மாத்திரை அந்த அளவை 80 மடங்கு தாண்டிவிடுகிறது. அரிசி மூட்டை இருக்கும் அறையிலேயே பாய் விரித்துக் குழந்தைகள் தூங்கும் வீடுகளில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வாயு கதவிடுக்கு, சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தி, வயிற்று வலி, மூச்சுத் திணறல் என்று தொடங்குவதால் உணவு ஒவ்வாமை என்று தவறாக எண்ணி நேரத்தை இழந்துவிடுவார்கள். பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை சேர்ந்து வந்தால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, 108-ஐ அழைத்து, மருத்துவமனையில் இன்ன மாத்திரை வைத்திருந்தோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த மாத்திரையைப் பொதுமக்களுக்கு விற்பதற்கே நம் நாட்டில் அனுமதி இல்லை. தெரிந்த கடைக்காரர் அன்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

போரிக் பவுடர்: அரிசியில் கலந்து வைத்தால் பூச்சி வராது என்று பலர் பயன்படுத்துகிறார்கள். களைந்தால் போய்விடும் என்று நம்பிக் கலக்கும் இந்தப் பொடி, சரியாகக் களையாவிட்டால் சோற்றோடு உடம்புக்குள் போகும். இது உணவுப் பொருள் இல்லை. மாவாக அரைக்கப்போகும் அரிசியில் கலந்துவிட்டால் களைவதற்கும் வழியில்லை.

அந்துருண்டை: துணிகளை அரிக்கும் அந்துக்காக ஏற்பட்டது, பெயரிலேயே அந்து இருக்கிறது. உணவு அலமாரியில் வைத்தால் அதன் ஆவியை மாவும் எண்ணெய்ப் பசையுள்ள பருப்புகளும் உறிஞ்சிக்கொள்ளும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆவியே சிவப்பணுக்களை உடைத்துக் கடும் இரத்தசோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கும். மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு.

கொசு, கரப்பான் மருந்து: உணவு வைக்கும் இடத்தில் அடிக்க வேண்டாம். பறக்கும் பூச்சி விழும். பைக்குள் இருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும். மருந்து மட்டும் உணவில் படியும்.

சேமிப்பும் மார்க்கத்தின் பாடமும்

எகிப்தில் வரவிருந்த பஞ்சத்தை எதிர்கொள்ள யூசுஃப் (அலை) அவர்கள் சொன்ன யோசனையைத் திருக்குர்ஆன் யூசுஃப் அத்தியாயத்தில் காண்கிறோம். உண்பதற்குத் தேவையான சிறிதளவைத் தவிர மற்ற விளைச்சலைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னார்கள். உமி மூடிய தானியத்தில் பூச்சி நுழைவது கடினம். உடைந்த தானியத்தில் எளிது. நம் முன்னோர் நெல்லாகவே குதிரிலும் பத்தாயத்திலும் வைத்து, தேவைக்கு மட்டும் குத்தி எடுத்ததும் இதே அடிப்படையில்தான்.

இன்று நெல்லாக வைக்க நமக்கு வசதியில்லை. ஆனால் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காமல் இருக்கலாம். வாங்கிய தேதியை டப்பாவில் எழுதி, பழையதை முதலில் தீர்க்கலாம். டப்பா காலியானதும் கழுவிக் காயவைத்தபிறகே புதியதைக் கொட்டலாம். ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாக்களைப் பயன்படுத்தலாம். புதிதாக வாங்கிய பருப்பையும் மாவையும் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுத்தபின் அலமாரியில் சேர்க்கலாம்.

வணிகம் செய்யும் சகோதரர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததற்காக அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். புழுத்த பழைய இருப்பைப் புதியதோடு கலந்து தள்ளிவிடுவதும் அதே வகைதான். ஈரத்தை மறைத்தால் பணத்தில் மோசடி. மாத்திரை போட்ட அரிசியை அப்படியே விற்றால் உயிரோடு விளையாட்டு.

பள்ளிவாசல் கிடங்கும் ஃபித்ராவும்

நோன்புக் கஞ்சிக்கு அரசு ஒதுக்கும் பச்சரிசியும், ஜமாஅத்தார் வழங்கும் அரிசியும் பருப்பும் பள்ளிவாசலில் மூட்டைகளாக இருக்கும். இவற்றைத் தரையில் போடாமல் மரக்கட்டைகளின் மேல், சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி அடுக்கினால் ஈரம் ஏறாது. பின்பக்கத்தையும் பார்க்க முடியும். கடந்த ஆண்டின் மிச்சமும் காலிச் சாக்குகளும் புதிய மூட்டைகளோடு சேர்ந்து கிடக்கக் கூடாது; ஒரு பழைய சாக்கில் ஒட்டியிருக்கும் முட்டைகள் போதும். வாரம் ஒருமுறை பார்வையிட ஒருவரைப் பொறுப்பாக்கிவிட்டால் பிரச்சினை ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

ஃபித்ரா அரிசி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நமக்கு ஒருவர் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்க மாட்டோம் என்கிற பொருளைத் தேடி எடுத்துப் பிறருக்குக் கொடுக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். பலரிடம் வாங்கிய அரிசியை ஒரே குவியலாகக் கொட்டிப் பிரிக்கும்போது, ஒரு பையில் இருக்கும் புழு நூறு பைகளுக்குப் போய்விடும். அதைப் பெறும் ஏழைச் சகோதரியின் வீட்டில் ஃப்ரீசர் இருக்கப்போவதில்லை. பெருநாளன்று அவர் அந்தப் பையைத் திறக்கும்போது சுத்தமான அரிசி இருக்க வேண்டும். ஃபித்ராவை வாங்கும்போதே பையைத் திறந்து பார்த்துக் கொட்டுவது பொறுப்பாளர்களின் கடமை.

இவ்வளவு சேதம் செய்யும் இந்தப் பூச்சியிலும் ஒரு பயனை அல்லாஹ் வைத்திருக்கிறான். வேளாண் ஆய்வுக்கூடங்களில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளில் டிரைக்கோகிரம்மா என்ற நுண்ணிய குளவியைப் பெருக்குகிறார்கள். அந்த முட்டைகளை அட்டையில் ஒட்டி வயலில் கட்டினால், வெளிவரும் குளவிகள் கரும்புத் துளைப்பான் போன்ற பயிர்ப் பூச்சிகளின் முட்டைகளை அழிக்கின்றன. விஷம் தெளிக்காமலேயே வயலைக் காக்க முடிகிறது என்றால், பத்தடிச் சமையலறையைக் காக்க விஷம் எதற்கு?

உணவு அல்லாஹ் தந்த அருட்கொடை. அதை வீணாக்காமலும், அதைக் காக்கிறோம் என்று நம் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்காமலும் பேணிக்கொள்வோம். வல்ல இறைவன் நம் வீடுகளில் பரக்கத்தையும் பாதுகாப்பையும் தருவானாக, ஆமீன்.